டயமண்ட், யூசி எல்லாம் எதற்கு? விலையை ரூபாயிலேயே போட்டால் என்ன?

#1 வைகை_ப்ளேயர்

நண்பர்களே, கொஞ்ச நாளாகவே கேட்க நினைத்த விஷயம் இது. இலவச விளையாட்டில் காசு கேட்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. சர்வர் ஓட வேண்டும், உருவாக்கியவர்களுக்குச் சம்பளம் போக வேண்டும். எனக்கு இருக்கும் கேள்வி வேறு. விலையை ஏன் ரூபாயில் போடுவதில்லை?

ஃப்ரீ ஃபயரில் டயமண்ட், பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐயில் யூசி, ஃபோர்ட்நைட்டில் வி-பக்ஸ், ரோப்ளாக்ஸில் ரோபக்ஸ். எங்கே போனாலும் முதலில் ரூபாயைக் கொடுத்து அவர்களுடைய காசை வாங்க வேண்டும், அப்புறம்தான் பொருள். பெரிய டாப்-அப் போட்டால் போனஸ், முதல் டாப்-அப்புக்கு இரட்டிப்பு, பண்டிகை நாளில் வேறொரு கணக்கு. கடைசியில் கையில் இருக்கும் ஒரு டயமண்ட் எத்தனை பைசாவுக்கு வாங்கியது என்று யாராலும் சட்டென்று சொல்ல முடியாது.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். இது எந்த விளையாட்டின் விலையும் அல்ல, அமைப்பு மட்டும்தான். கடையில் ஒரு ஸ்கின் (துப்பாக்கி, உடை இவற்றின் தோற்றத்தை மாற்றும் பொருள்) 700 காசு. டாப்-அப்பில் 500 காசு பேக் இருக்கிறது, 1,000 காசு பேக் இருக்கிறது, 700க்கு இல்லை. 1,000 வாங்குகிறோம், 300 மிச்சம். அந்த 300க்கு உருப்படியாக எதுவும் கிடைக்காது. அடுத்த வாரம் 800க்கு ஒன்று வரும். 'ஏற்கெனவே 300 இருக்கிறது, இன்னும் 500தானே' என்று மனம் சொல்லும். அந்த மிச்சத்தைத் திரும்ப ரூபாயாக மாற்ற வழியே கிடையாது. இது தற்செயலாக அமைந்த கணக்கு என்று நான் நம்பவில்லை.

2006இல் ஆப்லிவியன் விளையாட்டுக்குக் குதிரைக் கவசம் விற்றார்கள். பணம் கொடுத்துச் சின்னப் பொருள் வாங்கும் பழக்கம் பற்றிப் பேசும்போதெல்லாம் எல்லோரும் சொல்லும் கதை அது. ஆனால் அதன் விலை எக்ஸ்பாக்ஸ் கடையில் 200 மைக்ரோசாஃப்ட் பாயின்ட் என்பதை யாரும் சொல்வதில்லை. 80 பாயின்ட் ஒரு டாலர், அதாவது கவசம் இரண்டரை டாலர். அதே மைக்ரோசாஃப்ட் 2013இல் பாயின்ட் முறையைத் தூக்கிப்போட்டுவிட்டு, அந்தந்த நாட்டுப் பணத்தில் விலை போட ஆரம்பித்தது. எக்ஸ்பாக்ஸ் கடை இன்றும் நடக்கிறது. அவர்களால் முடிந்தது மற்றவர்களால் ஏன் முடியாது?

#2 ரேங்க்_கார்த்தி

ப்ரோ, நீங்கள் சொல்வது சரி, ஆனால் அது இரண்டாம்பட்சம். யூசியில் போட்டாலும் ரூபாயில் போட்டாலும் கணக்குத் தெரிந்தவன் கணக்குப் போட்டுக்கொள்வான். என்னைப் பொறுத்தவரை நியாயம், அநியாயம் என்பது ஒரே இடத்தில்தான் இருக்கிறது: காசு கொடுத்தவனுக்கு ஆட்டத்தில் பலம் கூடுகிறதா, இல்லையா?

பிஜிஎம்ஐயில் எம்416 துப்பாக்கிக்கு எந்த ஸ்கின் போட்டாலும் எதிரிக்கு விழும் டேமேஜ் ஒன்றுதான். காசு இருப்பவன் அழகாகச் சாகிறான், நான் சாதாரணமாகச் சாகிறேன், எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஃப்ரீ ஃபயரில் அப்படி இல்லை. அங்கே துப்பாக்கி ஸ்கினுக்கே டேமேஜ், சுடும் வேகம் என்று கூடுதல் உண்டு. நேருக்கு நேர் நிற்கும்போது அது கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம்.

பெரிய கம்பெனிகளையே பணிய வைத்தது இந்த விஷயம்தான். 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 வந்தபோது நடந்தது பலருக்கு நினைவிருக்கும். முழு விலை கொடுத்து வாங்கிய விளையாட்டு அது. ஆனால் டார்த் வேடர் என்ற கதாபாத்திரத்தை எடுக்க, விளையாடிக் கிடைக்கும் கிரெடிட்டில் 60,000 சேர்க்க வேண்டும். ஒரு ரசிகர் கணக்குப் போட்டுப் பார்த்தார், ஏறக்குறைய 40 மணி நேரம் விளையாட வேண்டும் என்று வந்தது. ஆட்டத்தில் பலம் தரும் ஸ்டார் கார்டுகள் லூட் பாக்ஸில், அதாவது உள்ளே என்ன வரும் என்பது அதிர்ஷ்டமான பெட்டியில் இருந்தன, அதைக் காசு கொடுத்து வாங்கலாம். ரெடிட்டில் அதை வெளியிட்ட ஈஏ நிறுவனம் சார்பில் ஒரு விளக்கம் எழுதினார்கள். பாடுபட்டு எடுத்தால்தான் பெருமிதமும் சாதித்த நிறைவும் கிடைக்கும் என்று. அந்தப் பதிலுக்கு 6 லட்சத்துக்கும் மேல் எதிர்வாக்கு விழுந்து கின்னஸ் சாதனையாகவே பதிவானது. டார்த் வேடர் போன்ற நாயகர்களின் விலையை 75 சதவீதம் குறைத்தார்கள். அப்போதும் கோபம் அடங்கவில்லை, வெளியீட்டுக்கு முந்தின நாள் காசுக்கு வாங்கும் வழியையே மூடினார்கள். 2018 மார்ச்சில் திரும்ப வந்தபோது ஸ்டார் கார்டுகள் விளையாடினால் மட்டுமே கிடைத்தன, காசுக்குக் கிடைத்தது தோற்றம் மட்டும்தான். அந்தக் கிரெடிட் ரூபாயில் இருந்திருந்தாலும் மக்கள் இதே அளவு கொதித்திருப்பார்கள்.

#3 மிட்லேன்_மணி

டோட்டா 2ஐ யாரும் மறக்க வேண்டாம். எல்லா ஹீரோவும் முதல் நாளிலிருந்தே இலவசம். கடையில் விற்பது உடையும் அலங்காரமும் மட்டும். விலையும் ஸ்டீம் ஆன்லைன் கடையில் ரூபாயிலேயே தெரியும். பேட்டில் பாஸ் (விளையாட விளையாட அலங்காரப் பரிசு தரும் சீட்டு) விற்பனையில் 25 சதவீதத்தைப் போட்டிப் பரிசுக்குக் கொடுத்தார்கள், 2021இல் நடந்த 'தி இன்டர்நேஷனல்' போட்டியின் பரிசுத்தொகை 4 கோடி டாலரைத் தாண்டியது. வைகை கேட்பதும் கார்த்தி கேட்பதும் ஒரே விளையாட்டில் நடந்திருக்கிறது.

#4 கோவை_டெவ்

மொபைல் விளையாட்டு செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். உள்ளே இது எப்படி நடக்கிறது என்று சொன்னால் உதவும்.

எங்கள் விளையாட்டிலும் இரண்டு கரன்சி உண்டு. விளையாடினால் கிடைப்பது ஒன்று, காசு கொடுத்தால் கிடைப்பது இன்னொன்று, அதுதான் ஜெம். இரண்டும் இருப்பதற்கு நேர்மையான காரணமும் உண்டு. விளையாடுகிறவனுக்குப் பரிசாகக் கொஞ்சம் ஜெம் கொடுக்க வேண்டும் என்றால் ரூபாயைப் பரிசாகக் கொடுக்க முடியாது. அப்புறம் ஆப் ஸ்டோரின் அமைப்பு. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக ஸ்டோரில் பதிவுசெய்து, ஒவ்வொரு நாட்டுக்கும் விலை போட்டு வைப்பது பெரிய வேலை. ஐந்தாறு ஜெம் பேக் மட்டும் பதிந்துவிட்டால் மீதியை நாங்களே உள்ளே மாற்றிக்கொள்ளலாம். பத்து ரூபாய்ப் பொருளைத் தனித்தனியாக விற்பதும் சுலபமில்லை. ஸ்டோர் பங்கு 15 அல்லது 30 சதவீதம் போகும், வரி போகும்.

வைகை சொன்ன மிச்சக் கணக்குக்கு வருகிறேன். அதை நான் மறுக்கப்போவதில்லை. பேக் அளவையும் பொருள் விலையையும் பொருந்தாமல் வைப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த உத்தி. விலைப் பட்டியல் போடும் கூட்டத்தில் 'மீதி எவ்வளவு நிற்கும்' என்பது ஒரு வரிசையாகவே இருக்கும். அதே மாதிரி முதல் வாங்குதல். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் சரி, ஒருவரை ஒரு தடவை கார்டு போட வைத்துவிட வேண்டும் என்று பார்ப்பார்கள். 29 ரூபாய் ஸ்டார்ட்டர் பேக்கில் அவ்வளவு பொருள் அள்ளிக் கொடுப்பது அதற்காகத்தான்.

காசு செலவழிப்பவர்கள் மொத்தத்தில் மிகச் சிலர். அதிலும் வருமானத்தின் பெரும்பகுதி விரல்விட்டு எண்ணக்கூடியவர்களிடமிருந்து வருகிறது. அவர்களை 'வேல்' என்பார்கள், திமிங்கலம். எல்லோரும் நினைப்பதுபோல அவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் இல்லை. சப்போர்ட்டுக்கு வரும் கடிதங்களைப் படித்தால் தெரியும். கடன் வாங்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள், மாதச் சம்பளம் முழுவதையும் போட்டவர்கள் இருக்கிறார்கள். 'யாரும் கட்டாயப்படுத்தவில்லை' என்ற வாதம் எனக்கு அங்கேதான் நொறுங்குகிறது.

வார்ஃப்ரேம் விளையாட்டைச் செய்தவர்கள் ஒரு சம்பவத்தைப் பொதுவில் சொல்லியிருக்கிறார்கள். செல்லப்பிராணியின் தோல் நிறத்தைக் காசுக்கு மாற்றலாம், என்ன நிறம் வரும் என்பது அதிர்ஷ்டம். ஒருவர் அதை 200 தடவை அழுத்தியதைப் பார்த்தார்கள். லாபம்தானே என்று விடவில்லை, சூதாட்ட மெஷினைச் செய்துவிட்டோமே என்று சில நாளில் அதை எடுத்துவிட்டார்கள். அப்படிச் செய்யவும் முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

#5 தாமிரபரணி_தாய்

நான் விளையாடுகிறவள் இல்லை, மகனுக்காகத் தேடி இங்கே வந்தேன். எட்டாவது படிக்கிறான். என் போனில்தான் விளையாடுவான், பெயர் எதற்கு, ஒரு துப்பாக்கி விளையாட்டு. கார்டு ஸ்டேட்மென்டில் 80, 160, 400 என்று சின்னச் சின்னத் தொகையாக ஒரு பட்டியலே வந்திருந்தது. கூட்டினால் ஆறாயிரத்துக்கு மேல். கேட்டால், 'காசு எடுக்கவில்லையம்மா, ஈவென்ட்டில் ஸ்பின் மட்டும்தான் போட்டேன்' என்கிறான், அதிர்ஷ்டச் சக்கரம் சுற்றுவதாம். பொய் சொல்லவில்லை என்று எனக்குப் புரிகிறது. திரையில் அவனுக்குத் தெரிந்தது ஒரு கல்லின் படமும் ஒரு எண்ணும்தான். அதனால்தான் முதலில் எழுதிய தம்பி சொன்னது எனக்கு மனத்தில் பட்டது. ரூபாய் என்று போட்டிருந்தால் அவன் கண்டிப்பாகத் தயங்கியிருப்பான், பத்து ரூபாய்க்குக் கூட என்னிடம் கேட்டு வாங்குகிற பிள்ளை. இந்தப் பணம் திரும்பக் கிடைக்க வழி இருக்கிறதா?

#6 கோவை_டெவ்

அக்கா, முதலில் தேதியைப் பாருங்கள். கூகுள் பிளேயில் வாங்கியது 48 மணி நேரத்துக்குள் என்றால் பிளே ஸ்டோர் வழியாகவே பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதைத் தாண்டியிருந்தால் விளையாட்டு நிறுவனத்தின் சப்போர்ட்டுக்கு எழுதுங்கள், ஒவ்வொரு ஆர்டர் எண்ணையும் சேர்த்து, வாங்கியது சிறுவன், உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று தெளிவாக எழுதுங்கள். நம் ஒப்பந்தச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ளவர் ஒப்பந்தம் செய்யத் தகுதி இல்லாதவர், அதையும் ஒரு வரி குறிப்பிடுங்கள். வங்கியில் நேரடியாகக் கட்டணத்தை மறுக்கும் முன் இதைச் செய்யுங்கள், சில விளையாட்டுகள் கணக்கையே முடக்கிவிடும், பையன் அதற்காக அழுவான்.

அப்புறம் பிளே ஸ்டோர் அமைப்புகளில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் சரிபார்ப்பு கேட்கும்படி மாற்றுங்கள். கார்டை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். அவனுக்கு வாங்கித் தர விரும்பினால் கிஃப்ட் கோடு மட்டும் போடுங்கள், அது தீர்ந்தால் தீர்ந்தது.

#7 சட்டம்_படித்தவன்

அக்கா சொன்னது அமெரிக்காவில் பெரிய வழக்காகவே நடந்தது. 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட் நடத்தும் எபிக் கேம்ஸ் மொத்தம் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 27.5 கோடி, குழந்தைகளின் தகவல் சேகரித்ததற்கான அபராதம். மீதி 24.5 கோடி, வாங்குகிறவர்களுக்குத் திருப்பித் தர. அமெரிக்க வர்த்தக ஆணையத்தின் புகாரைப் படித்தால் ஒவ்வொரு வரியும் எரிச்சல் தரும். விளையாட்டு லோட் ஆகும்போது ஒரு பொத்தான் தட்டுப்பட்டாலே பொருள் வாங்கியதாகிவிடும். முன்னோட்டம் பார்க்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் வாங்கும் பொத்தான். பெற்றோருக்குத் தெரியாமல் குழந்தைகள் வாங்க முடிந்தது. அட்டை நிறுவனத்தில் புகார் சொன்னவர்களின் கணக்கைப் பூட்டினார்கள். டெவ் சொன்ன எச்சரிக்கை இதனால்தான் முக்கியம்.

#8 டீப்_பாக்கெட்

மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள். நான் மாதம் ஒரு தொகையை விளையாட்டுக்கு ஒதுக்கிச் செலவழிக்கிறேன். என் உழைப்பு, என் காசு. என்னைப் போல நாலு பேர் கொடுப்பதால்தான் கையில் காசில்லாத கல்லூரிப் பையன் அதே விளையாட்டை இலவசமாக ஆடுகிறான். முன்பெல்லாம் ஒரு பிசி விளையாட்டு வாங்க மூவாயிரம் வேண்டும், எத்தனை வீட்டில் வாங்கித் தந்தார்கள்? திருட்டு டிவிடிதான். இலவச விளையாட்டு வந்த பிறகுதான் தமிழ்நாட்டுச் சின்ன ஊர்களிலிருந்து போட்டிகளுக்குப் பையன்கள் வருகிறார்கள்.

தனிக் கரன்சி என்பதும் புதிது இல்லை. பொருட்காட்சியில் ராட்டினம் ஏற டோக்கன் வாங்குகிறோம், யாரும் அதை மோசடி என்று சொல்வதில்லையே.

#9 வைகை_ப்ளேயர்

டீப், உங்கள் செலவைக் குறை சொல்லவில்லை. இலவச ஆட்டம் பலருக்குக் கதவு திறந்தது உண்மை, அதையும் ஏற்கிறேன். ஆனால் பொருட்காட்சி டோக்கனில் எத்தனை ரூபாய் என்று பலகையில் எழுதியிருக்கும். காலையில் பத்து, மாலையில் எட்டு என்று மாறாது. ஏழு ராட்டினத்துக்கு ஏழு டோக்கன் வாங்கலாம், பத்தாகத்தான் வாங்க வேண்டும் என்று சொல்ல மாட்டார்கள். நீங்கள் விருப்பத்தோடு கொடுக்கும் பணம், விலையை ரூபாயில் போட்டால் குறையப்போவதில்லை. குறையப்போவது தெரியாமல் போகும் பணம்தான். அந்தப் பணம் இல்லாமல் ஒரு விளையாட்டு நடக்காது என்றால் அதன் கணக்கிலேயே கோளாறு.

#10 ஹாஸ்டல்_கச்சா

கரன்சி மேல் கரன்சி என்றால் கென்ஷின் இம்பாக்ட்தான். நான் தினமும் ஆடுகிறேன், பிடித்த விளையாட்டு, அதனால்தான் எழுதுகிறேன். பணம் கொடுத்தால் ஜெனசிஸ் கிரிஸ்டல். அதை ஒன்றுக்கு ஒன்றாக ப்ரைமோஜெமாக மாற்ற வேண்டும். 160 ப்ரைமோஜெம் கொடுத்தால் ஒரு ஃபேட். ஒரு ஃபேட்டுக்கு ஒரு தடவை இழுக்கலாம், என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். ஐந்து நட்சத்திரம், அதாவது மிக அரியது, வரும் வாய்ப்பு ஒரு இழுப்புக்கு 0.6 சதவீதம். 90ஆவது இழுப்பில் ஐந்து நட்சத்திரம் நிச்சயம், ஆனால் பேனரில், அதாவது அப்போதைய விளம்பரத்தில், இருக்கும் கதாபாத்திரமே வரும் என்று நிச்சயம் இல்லை. முதல் தடவை தவறினால், அடுத்து வரும் ஐந்து நட்சத்திரத்தில்தான் அந்தக் கதாபாத்திரம் உறுதி. அதிர்ஷ்டம் துளியும் இல்லாவிட்டால் 180 இழுப்பு, அதாவது 28,800 ப்ரைமோஜெம். அமெரிக்க விலையில் 99.99 டாலர் பேக்கில் போனஸ் சேர்த்து 8,080 கிரிஸ்டல் வரும். மூன்று பேக் போதாது, நாலாவது வாங்க வேண்டும். ஒரு கதாபாத்திரத்துக்குக் கிட்டத்தட்ட 400 டாலர். இந்தக் கணக்கைத் திரையில் எங்கேயாவது ஒரே வரியில் காட்டுகிறார்களா?

2025 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் சொன்னதும் இதுதான். கென்ஷின் நிறுவனத்துக்கு 2 கோடி டாலர் அபராதம், 16 வயதுக்குக் கீழே பெற்றோர் சம்மதம் இல்லாமல் லூட் பாக்ஸ் விற்கக்கூடாது, பல அடுக்குக் கரன்சியின் மாற்று விகிதத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கார்த்தி அண்ணா, கணக்குத் தெரிந்தவன் போட்டுக்கொள்வான் என்றீர்கள். நான் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. எனக்கே இதைப் போட்டு முடிக்க ஒரு தாள் வேண்டியிருந்தது.

#11 ரேங்க்_கார்த்தி

தம்பி, சரி, ஒப்புக்கொள்கிறேன். அது கணக்கு இல்லை, மறைப்பு. ஆனால் வாய்ப்புச் சதவீதத்தைச் சொல்லிவிட்டால் மட்டும் போதுமா? சொன்னது உண்மை என்று யார் பார்ப்பது?

#12 சட்டம்_படித்தவன்

அதற்கும் நடந்த உதாரணம் இருக்கிறது. தென்கொரியாவில் நெக்ஸான் நிறுவனத்தின் மேப்பிள் ஸ்டோரி விளையாட்டில் 'கியூப்' என்ற பொருளைக் காசுக்கு விற்றார்கள், ஆயுதத்தின் பலத்தை அதிர்ஷ்டத்தால் மாற்றுவது. எல்லோரும் விரும்பும் பலன்கள் வரும் வாய்ப்பைச் சொல்லாமலே குறைத்தார்கள், சில சேர்க்கைகள் வரவே வராதபடி செய்துவிட்டு எதுவும் மாறவில்லை என்றும் அறிவித்தார்கள். 2024 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் நெக்ஸான் நிறுவனத்துக்கு 1,160 கோடி வோன் அபராதம் போட்டது. அதே ஆண்டு மார்ச்சிலிருந்து வாய்ப்பை வெளியிடுவது அங்கே சட்டக் கட்டாயம்.

ஜப்பானில் இன்னொரு வழி. சீட்டுகளை அதிர்ஷ்டத்தில் எடுத்து, முழு செட் சேர்த்தால்தான் பெரிய பரிசு என்ற முறையை 2012இலேயே சட்டவிரோதம் என்று அறிவித்தார்கள். 2016இல் கிரான்ப்ளூ ஃபேன்டசி விளையாட்டில் ஒருவர் ஒரு கதாபாத்திரத்துக்காக நேரலையில் லட்சக்கணக்கான யென் கொட்டியது பெரிய பிரச்சினையாகி, 300 இழுப்புக்குள் வராவிட்டால் நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று உச்சவரம்பு வைத்தார்கள்.

பெல்ஜியம் ஒரேயடியாகத் தடை செய்தது. 2018இல் ஃபிஃபா 18, ஓவர்வாட்ச், சிஎஸ்-கோ மூன்று விளையாட்டின் லூட் பாக்ஸும் சூதாட்டம் என்று அங்கே சூதாட்ட ஆணையம் சொன்னது. ஈஏ அங்கே ஃபிஃபா பாயின்ட் விற்பதை 2019 ஜனவரியில் நிறுத்தியது. ஆனால் 2022இல் ஆராய்ந்து பார்த்தபோது, அங்கே அதிகம் சம்பாதிக்கும் 100 ஐபோன் விளையாட்டுகளில் 82இல் லூட் பாக்ஸ் அப்படியே இருந்தது. கண்காணிக்க ஆள் இல்லாத தடை அவ்வளவுதான். நெதர்லாந்தில் ஃபிஃபாவின் வீரர் அட்டைப் பாக்கெட்டுக்காக ஈஏவுக்குப் போட்ட 1 கோடி யூரோ அபராதம் 2022இல் மேல்முறையீட்டில் ரத்தானது. விளையாட்டை முழுதாகப் பார்க்க வேண்டும், பாக்கெட்டை மட்டும் தனிச் சூதாட்டமாகப் பிரிக்க முடியாது என்றது நீதிமன்றம்.

#13 மிட்லேன்_மணி

லூட் பாக்ஸை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். ஓவர்வாட்ச் 2 2022இல் அதை எடுத்தது. பதிலுக்குக் கடையில் ஒரு நல்ல ஸ்கின் 20 டாலர் வரை போனது. முன்பு லெவல் ஏறினால் சும்மா கிடைத்த பெட்டியே தேவலை என்று ரசிகர்கள் புலம்பினார்கள். 2025இல் பெட்டி திரும்ப வந்தது, இந்தத் தடவை விளையாடிச் சம்பாதிப்பதாக, வாய்ப்பு விவரத்தோடு.

#14 தாமிரபரணி_தாய்

தம்பிகளுக்கு நன்றி. இரண்டு ஆர்டர் மட்டும் 48 மணி நேரத்துக்குள் இருந்தது, அந்தப் பணம் வந்துவிட்டது. மீதிக்கு எழுதியிருக்கிறேன். ஒரு சந்தேகம், நம் நாட்டில் இதற்குச் சட்டம் இல்லையா? ஆன்லைன் விளையாட்டைத் தடை செய்துவிட்டார்கள் என்று செய்தியில் பார்த்தேனே.

#15 சட்டம்_படித்தவன்

அக்கா, 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் ரம்மி, போக்கர் மாதிரி பணம் கட்டிப் பணம் வெல்லும் ஆட்டங்களைக் குறிவைத்தது. உங்கள் மகன் வாங்கிய டயமண்டை நிறுவனம் பணமாக மாற்றித் தராது, அதனால் அந்த வலையில் இது எளிதில் சிக்காது. பணம் திரும்ப வராது என்பதே இங்கே நிறுவனத்துக்குப் பாதுகாப்பாகிவிடுகிறது. எனக்கு அதுதான் பெரிய அநியாயமாகத் தெரிகிறது.

கைகொடுக்கக்கூடியது வேறொன்று. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வாங்குகிறவரை ஏமாற்றும் திரை வடிவமைப்புகளைத் தடுக்க வழிகாட்டுதல் வெளியிட்டது. 13 வகை சொல்லியிருக்கிறார்கள். 'இன்னும் 2 மணி நேரம்தான்' என்ற பொய் அவசரம், விலையைத் துளித்துளியாகக் காட்டுவது, வேண்டாம் என்றாலும் நச்சரிப்பது எல்லாம் அதில் உண்டு. விளையாட்டுக் கரன்சி அந்தப் பட்டியலில் இல்லை. ஐரோப்பிய நாடுகளின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையங்கள் 2025 மார்ச்சில் இதற்கென்றே கொள்கைகள் வெளியிட்டன: பொருளுக்குப் பக்கத்திலேயே நிஜப் பணத்தில் விலை தெரிய வேண்டும், தேவைக்கு மேல் கரன்சி வாங்கக் கட்டாயப்படுத்தக்கூடாது. வைகை முதல் பதிவில் கேட்டது கிட்டத்தட்ட வரிக்கு வரி அதில் இருக்கிறது.

#16 கோவை_டெவ்

தொழில்நுட்பமாக இதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஒவ்வொருவர் கணக்கிலும் எந்த டாப்-அப் என்ன விலைக்கு வந்தது என்று எங்களிடம் பதிவு இருக்கிறது. பொருள் விலைக்குக் கீழே 'சுமார் ₹210' என்று காட்ட ஒரு டெவலப்பருக்கு ஒரு வாரம் போதும். போனஸில் வந்ததைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று மட்டும் ஒரு விதி வேண்டும். சட்டம் கேட்டால் எல்லோரும் செய்வார்கள். தனியாக நாங்கள் மட்டும் செய்தால் பக்கத்து விளையாட்டைவிட எங்கள் விற்பனை குறையும், அதனால்தான் மேலே இருப்பவர்கள் சம்மதிப்பதில்லை.

#17 டீப்_பாக்கெட்

ரூபாய் காட்டுவதற்கு நான் எதிரி இல்லை, டோக்கன் பற்றிச் சொன்ன பதில் நியாயமாகவே இருந்தது. தடை மட்டும் வேண்டாம். தடை என்றால், பப்ஜியைத் தடை செய்து பிஜிஎம்ஐ வருவதற்கு முன்னால் நடந்ததுபோல எல்லோரும் விபிஎன் போட்டு யாரோ ஒருவனிடம் டாப்-அப் வாங்கி ஏமாறுவார்கள்.

#18 வைகை_ப்ளேயர்

அப்படியென்றால் தடையைக் கேட்காமல் மூன்று விஷயம் மட்டும் கேட்டு எழுதலாம். பொருளுக்குப் பக்கத்தில் ரூபாய் விலை. 700 காசு பொருளுக்கு 700 காசே வாங்கும் வசதி. 18க்குக் கீழே என்றால் ஸ்பின்னுக்குப் பெற்றோர் சம்மதம். கார்த்தி கேட்ட பலம் விற்கும் விஷயத்தை இதில் சேர்த்தால் எது பலம், எது அலங்காரம் என்ற சண்டையிலேயே மனு நின்றுவிடும், அதைத் தனியாக எழுதுவோம்.

சட்டம் நண்பர் வரைவைப் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தனித்தனியாகவும் புகார் பதியலாம், நிறையப் பேர் பதிந்தால்தான் கவனிப்பார்கள். உங்களிடம் டாப்-அப் பக்கமும் கடைப் பக்கமும் சேர்ந்த ஸ்கிரீன்ஷாட் இருந்தால் இங்கே போடுங்கள், ஐடியை மறைத்துவிட்டு. பேக் அளவும் பொருள் விலையும் பொருந்தாதது ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

#19 ஹாஸ்டல்_கச்சா

என்னிடம் ஏழெட்டு இருக்கிறது அண்ணா, இன்று இரவு ஏற்றிவிடுகிறேன். அந்த 180 இழுப்புக் கணக்கையும் ரூபாய் விலையில் போட்டுத் தட்டச்சு செய்து தருகிறேன்.